எலியாஸ் சன்பார்: நாடு இல்லாத நாட்டின் தூதருக்கு என்ன வேலை?

107, 14, 52. பாலஸ்தீனம் யுனெஸ்கோவில் உறுப்பு நாடாகச் சேர்ந்த 2011 அக்டோபர் 31 அன்று விழுந்த வாக்குகள் இவை. ஆதரவு 107, எதிர்ப்பு 14, நடுநிலை 52. அப்போது யுனெஸ்கோவில் பாலஸ்தீனத்தின் தூதராக இருந்தவர் எலியாஸ் சன்பார். வரலாற்றாய்வாளர், இதழாசிரியர், பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர்.

ஐ.நா.வில் முழு உறுப்பினராக இல்லாத ஒரு நாட்டுக்குத் தூதர் எப்படி இருக்க முடியும்? அவர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? கவிதை மொழிபெயர்க்கிற ஒருவரை அந்த நாற்காலியில் ஏன் உட்காரவைத்தார்கள்? பாலஸ்தீன விவகாரத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கேள்விகள் வரும். சன்பாரின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு இவற்றைப் பார்ப்பது எளிது.

ஹைஃபாவிலிருந்து பாரிஸுக்கு

சன்பார் 1947இல் ஹைஃபா துறைமுக நகரத்தில் பிறந்தார். 1948 ஏப்ரலில் நகரம் யூதர்களின் ஹகானா படையிடம் வீழ்ந்தபோது அவருக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. குடும்பம் லெபனானுக்குப் போனது. ஹைஃபாவில் அதுவரை ஏறத்தாழ எழுபதாயிரம் அரபு மக்கள் இருந்தார்கள். சில வாரங்களில் எஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர்தான். பிறந்த ஊர் பற்றி அவருக்குச் சொந்த நினைவு எதுவும் இருக்க வழியில்லை. அவர் பிற்காலத்தில் ஆவணம், பழைய புகைப்படம், ஊர்ப்பெயர் என்று தேடித் தேடிச் சேர்த்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

பெய்ரூட்டிலும் பாரிஸிலும் படித்தார். பாரிஸ் ஏழாம் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1970இல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் கோதார் பாலஸ்தீன முகாம்களைப் படம்பிடிக்க வந்தபோது உடன்சென்று வழிகாட்டியவர்களில் இவரும் ஒருவர். இதைப் பலரும் சுவைக்காகச் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்க்கையில் கனமான ஆண்டு 1981.

அந்த ஆண்டு பாலஸ்தீன ஆய்வுகளுக்கான பிரெஞ்சுக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். பெய்ரூட்டில் 1963இல் அமைந்த பாலஸ்தீன ஆய்வு நிறுவனம் அதற்குப் பின்னணியில் இருந்தது. பாரிஸில் வெளிக்கொணர்ந்தது மினுயி பதிப்பகம். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவாகத் தொடங்கிய பதிப்பகம் அது. அல்ஜீரியப் போரின்போது பிரெஞ்சு அரசை எதிர்த்துப் புத்தகம் போட்டு வழக்குகளைச் சந்தித்தது. அந்த முத்திரையோடு வந்த இதழைப் பிரெஞ்சு வாசகர்கள் வெறும் பிரசாரத் தாள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2008 வரை இதழ் வந்தது.

அதில் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அன்றைய ஐரோப்பியச் செய்திகளில் அரபு அகதிகள் இருந்தார்கள், போராளிகள் இருந்தார்கள், பாலஸ்தீனர் என்ற மக்கள் அரிதாகவே தென்பட்டார்கள். 1982இல் தத்துவவாதி ழில் தெலூஸ் சன்பாரோடு நடத்திய உரையாடல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வந்தது. பாலஸ்தீனரை அமெரிக்கப் பூர்வகுடிகளோடு ஒப்பிட்டார்கள். உள்ளூர் மக்களை வேலைவாங்கிச் சுரண்டும் காலனியம் ஒருவகை. அவர்களை அப்புறப்படுத்தி நிலத்தைக் காலியாக்கும் காலனியம் வேறுவகை. இரண்டாவது வகையில் ஆள் போனால் போதாது, பெயரும் போக வேண்டும். சன்பார் எழுதியவற்றில் இந்தக் கருத்து திரும்பத் திரும்ப வரும். 1948 வெளியேற்றம் பற்றிய அவர் நூல் 1984இல் வந்தது, பிறகு 1839 முதலான புகைப்படங்களைத் தொகுத்தார், தர்வீஷை மொழிபெயர்த்தார். எல்லாமே பெயரை மீட்கிற வேலைதான். தூதரான பிறகும் அதையேதான் செய்தார், ஆயுதம் மட்டும் மாறியது: கட்டுரைக்குப் பதில் விண்ணப்பப் படிவம்.

பேச்சுவார்த்தை மேசை

1988இல் பாலஸ்தீனத் தேசிய மன்றத்தில் உறுப்பினரானார். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அங்கமான அதை, உள்ளும் வெளியும் சிதறிய பாலஸ்தீனரின் நாடாளுமன்றம் என்று சொல்லலாம். இஸ்ரேலும் அரபுத் தரப்புகளும் கூடிய 1991 மட்ரிட் அமைதி மாநாட்டிலோ, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர், நாட்டுக்கு வெளியே வசிப்பவர், கிழக்கு ஜெருசலேம்காரர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பாலஸ்தீனருக்குத் தனிக் குழுவே கிடையாது, யோர்தானோடு கூட்டுக்குழு. சன்பார் போன்றவருக்கு இரண்டு வகையில் தடை: வெளிநாட்டில் வசிப்பவர், மன்ற உறுப்பினர். இத்தகைய ஆட்கள் ஆலோசகராக, நிபுணராக அக்கம்பக்கத்தில்தான் இருக்க முடிந்தது. வாஷிங்டன் இருதரப்புப் பேச்சுகளில் அவர் பங்கெடுத்தார். இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993இல் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை இளகியது. கனடா தலைமையேற்று நடத்திய அகதிகள் பணிக்குழுவில் 1993 முதல் 1996 வரை பாலஸ்தீனத் தரப்புக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழு அகதிகள் பிரச்சினையின் வேரைத் தொடவே இல்லை. தொடும் அதிகாரம் அதற்குத் தரப்படவும் இல்லை.

தூதரில் இரண்டு வகை

இங்கே புதியவர்கள் குழம்புவார்கள். சன்பார் பாரிஸில் தூதராக இருந்தார், ஆனால் பிரான்ஸுக்கான தூதர் அல்லர். ஒரு நாட்டுக்கு அனுப்பப்படும் தூதர் வேறு, ஓர் அமைப்புக்கு அனுப்பப்படும் தூதர் வேறு. பிரான்ஸ் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தது 2025 செப்டம்பரில்தான். அதற்கு முன் பிரான்ஸில் பாலஸ்தீனத்தின் முகமாக இருந்தவர்களுக்குப் பொதுப் பிரதிநிதி என்றுதான் பதவிப்பெயர். 2005 வரை லைலா ஷஹீத் அந்தப் பொறுப்பில் இருந்தார். சன்பாரின் இடம் யுனெஸ்கோ. 2000களின் நடுவில் தொடங்கி 2021 வரை அங்கே இருந்தார்.

ஐ.நா. அமைப்புகளில் பாலஸ்தீனத்தின் தகுதி படிப்படியாக ஏறியது. 1974இல் பொதுச் சபையின் 3237ஆம் தீர்மானம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குப் பார்வையாளர் இடம் தந்தது. 1988இல் 43/177ஆம் தீர்மானம் அந்த இயக்கத்தின் பெயரை எடுத்துவிட்டுப் பெயர்ப்பலகையில் 'பாலஸ்தீனம்' என்று எழுதச் சொன்னது. உரிமை ஒன்றும் கூடவில்லை, பெயர் மட்டும் மாறியது. 2012 நவம்பர் 29 அன்று 67/19ஆம் தீர்மானம் 'உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு' என்ற தகுதியைக் கொடுத்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 9, நடுநிலை 41.

பார்வையாளர் அவைக்குள் வரலாம், பேசலாம், தாள்களைப் பெறலாம். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, 2024 வரை சொந்தமாகத் தீர்மானம் வைக்கவும் முடியவில்லை, வேறொரு நாட்டைப் பிடித்து அதன் பெயரில் வைக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரலாம், மொய் நோட்டில் மட்டும் பெயர் ஏறாது என்பதுபோல.

இதன் விளைவு பட்டியல்களில் அப்பட்டமாகத் தெரியும். ஜெருசலேம் பழைய நகரமும் மதில்களும் 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. முன்மொழிந்தது யோர்தான், ஏனென்றால் பாலஸ்தீனத்துக்கு அந்த உரிமை இல்லை. மறு ஆண்டே ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

116 வேண்டுமா, 81 போதுமா?

ஐ.நா.வில் முழு உறுப்பினராகப் பாதுகாப்புக் கவுன்சிலின் பரிந்துரை வேண்டும். அங்கே வீட்டோ உண்டு. 2011 செப்டம்பரில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் கொடுத்த விண்ணப்பம் அங்கேதான் சிக்கியது. 2024 ஏப்ரலில் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் ஒரு வாக்கு அதைக் கவிழ்த்தது.

யுனெஸ்கோவில் வீட்டோ கிடையாது. ஐ.நா. உறுப்பினர்கள் தாமாகவே சேரலாம். மற்ற நாடுகளுக்கு இரண்டு வாசல்கள்: 58 நாடுகள் கொண்ட நிர்வாகக் குழுவின் பரிந்துரை, பிறகு பொது மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. பாலஸ்தீனம் முதலில் விண்ணப்பித்தது 1989இல். ஒத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு விவகாரம் கூட்டத்துக்குக் கூட்டம் நிகழ்ச்சிநிரலில் ஏறுவதும் தள்ளிப்போவதுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடின. 2011 அக்டோபர் 5 அன்று நிர்வாகக் குழு 40க்கு 4 என்று பரிந்துரைத்தது, 14 நடுநிலை. அந்த மாதக் கடைசியில் பொது மாநாடு.

இப்போது முதல் வரியில் சொன்ன மூன்று எண்களுக்கு வருவோம். மொத்தம் 173 நாடுகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 116. கிடைத்ததோ 107. அப்படியானால் தோற்றிருக்க வேண்டுமே? விதி அப்படி இல்லை. 'வந்திருந்து வாக்களித்தவர்கள்' என்றுதான் யுனெஸ்கோ எண்ணும். நடுநிலை என்று சொன்னவர் வாக்களிக்காதவராகக் கணக்கு. எனவே அடிப்படை எண் 107 + 14 = 121. அதில் மூன்றில் இரண்டு பங்கு 81. தேவைக்கு மேல் 26 வாக்குகள்.

இந்த விதியால்தான் இத்தகைய அவைகளில் தூதரின் உழைப்பு எதிர்க்கும் நாட்டை ஆதரவாக மாற்றுவதில் செலவாவதில்லை. எதிர்க்கப்போகிறவரை நடுநிலைக்கு நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. ஆதரிக்கத் தயங்கும் அரசுக்கு நடுநிலை என்பது வாஷிங்டனிடமும் பாலஸ்தீன ஆட்சி இயங்கும் ராமல்லாவிடமும் முகம் கோணாமல் தப்பிக்கும் வழி. அன்று பிரிட்டன் நடுநிலை, ஜப்பான் நடுநிலை. ஜெர்மனியும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்தன. பிரான்ஸ் ஆதரித்தது, இந்தியாவும் ஆதரித்தது.

வாக்கு கிடைத்ததும் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. யுனெஸ்கோ அரசியலமைப்பின் மூலப்பிரதி லண்டனில் பிரிட்டிஷ் அரசிடம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டு ஏற்பு ஆவணத்தை ஒப்படைத்தால்தான் உறுப்பினர். 2011 நவம்பர் 23 அன்று அது முடிந்து பாலஸ்தீனம் 195ஆவது உறுப்பு நாடானது. நடுநிலை வகித்த பிரிட்டனின் அலுவலகத்தில்தான் கையெழுத்து! டிசம்பர் 13இல் பாரிஸ் தலைமையகத்தில் கொடி ஏறியது.

கூடவே வந்த கடன்

இந்த வெற்றிக்கு விலையும் உண்டு. பாலஸ்தீனத்துக்கு உறுப்பு நாட்டுத் தகுதி தரும் எந்த ஐ.நா. அமைப்புக்கும் பணம் தரக் கூடாது என்று 1990இலும் 1994இலும் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியிருந்தது. அதிபர் விரும்பினாலும் விலக்களிக்க அப்போது அதில் இடமிருக்கவில்லை. யுனெஸ்கோ வரவுசெலவில் அமெரிக்காவின் பங்கு 22 சதவீதம். அந்த நவம்பரில் வர வேண்டிய சுமார் 6 கோடி டாலர் உடனே நின்றது. ஆள் எடுப்பு நிறுத்தம், திட்டங்களில் வெட்டு. இரண்டாண்டு நிலுவை சேர்ந்ததால் 2013 நவம்பரில் அமெரிக்கா வாக்குரிமையை இழந்தது; 2018 முடிவில் இஸ்ரேலோடு சேர்ந்து வெளியேறியது; 2023 ஜூலையில் திரும்பி வந்தது; 2025 ஜூலையில் மறுபடி விலகுவதாக அறிவித்தது, அது 2026 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வரும்.

இதனால் மற்ற ஐ.நா. அமைப்புகளின் கதவைத் தட்டுவது சிக்கலாயிற்று. ஒவ்வொரு அமைப்பும் முதலில் தன் பணப்பெட்டியைத்தான் பார்த்தது. பாலஸ்தீனம் நினைத்திருந்தால் அன்றே உலக சுகாதார அமைப்புக்கும் போயிருக்கலாம், போகவில்லை. தடுப்பூசிப் பணத்தை நிறுத்திய பழி யார் தலையில் விழும் என்பது தெரிந்த கணக்குதான்.

பெத்லகேம்: சரியாக 13

உறுப்பினரான பிறகு என்ன? 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தில் 2011 டிசம்பர் 8 அன்று பாலஸ்தீனம் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். வழக்கமான பாதை நீளமானது. இடத்தை முதலில் உத்தேசப் பட்டியலில் போட்டு ஓராண்டு காத்திருக்க வேண்டும். பிப்ரவரி 1க்குள் முழுக் கோப்பு போய்ச் சேர வேண்டும். மையப் பகுதிக்கும் அதைச் சுற்றிய காப்பு வளையத்துக்கும் தனித்தனி எல்லை வரைபடம், பத்து அளவுகோல்களில் எதன்கீழ் வருகிறது என்ற வாதம், உலகில் இதேபோன்ற இடங்களோடு ஒப்பீடு, சட்டப் பாதுகாப்பு, நிர்வாகத் திட்டம் எல்லாம் அதில் வேண்டும். நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச நிபுணர் அமைப்பான இக்கோமோஸ் நேரில் வந்து பார்க்கும். முடிவு மறு ஆண்டு நடுவில்.

பாலஸ்தீனக் கோப்புகளில் இடறும் இடங்கள் இரண்டு: எல்லை வரைபடமும் நிர்வாகத் திட்டமும். நிலம் இஸ்ரேல் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்போது அதை நிர்வகிக்கும் திட்டத்தை எப்படி எழுதுவது?

ஆனாலும் வேகமாகச் செய்தார்கள். உறுப்பினராவதற்கு முன்பே, 2005இல், தகுதியுள்ள இருபது இடங்களின் பட்டியலைப் பாலஸ்தீனத் தொல்லியலாளர்கள் தயாரித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் பெத்லகேம் தேவாலயத்தையும் அதற்குப் போகும் யாத்திரைத் தெருவையும் எடுத்தார்கள். தேர்ந்தெடுத்த வழி அவசரநிலை நடைமுறை. இடம் உடனடி ஆபத்தில் இருந்தால் காத்திருப்பு இல்லை. ஏறும்போதே ஆபத்துப் பட்டியலிலும் சேர்ந்துவிடும்.

இக்கோமோஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கூரை ஒழுகுவது உண்மை, இடிந்துவிழும் அவசரம் இல்லை என்றது. கூரை ஏன் அப்படி ஒழுகியது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆறாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மேனியர் என்று மூன்று சபைகளுக்குப் பங்கு. உஸ்மானியர் காலத்து ஏற்பாட்டின்படி யார் எதைப் பழுதுபார்க்கிறாரோ அது அவருடையது என்றாகிவிடும். எனவே யாரும் யாரையும் தொடவிடவில்லை. மழை மட்டும் எல்லாருக்கும் பொதுவாகப் பெய்தது.

2012 ஜூன் 29, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 21 நாடுகள் கொண்ட உலகப் பாரம்பரியக் குழு ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 13, எதிர்ப்பு 6, நடுநிலை 2. வாக்களித்தவர் 19, மூன்றில் இரண்டு பங்கு என்றால் 13. ஆதரவு வாக்கு ஒன்று எதிர்ப்பாக மாறியிருந்தாலும் தோல்வி. ஒப்பந்தத்தில் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு கூரை வேலை தொடங்கியது. 2019இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. சபைகளுக்கிடையே தீராத சண்டையில் கிடந்த மரக்கூரை ஒருவழியாகச் சரியானது என்பது இந்தக் கதையில் பலரும் கவனிக்காத நன்மை.

பத்தீரின் எட்டு நாள் வாரம்

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே பத்தீர் என்ற கிராமம். மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படித்தட்டு வயல்கள், ஒலிவமும் திராட்சையும் காய்கறியும். ஊற்றுநீரை எட்டுக் குடும்பங்கள் முறைவைத்துப் பாய்ச்சும். ஒரு முறை சுற்றி வர எட்டு நாள், அதனால் அங்கே பாசன வாரத்துக்கு எட்டு நாள். பள்ளத்தாக்கில் யாஃபா–ஜெருசலேம் ரயில்பாதை. 1949 போர்நிறுத்தக் கோடு அந்தப் பக்கமாகப் போனபோதும் கோட்டுக்கு அப்பாலிருந்த தங்கள் வயலை உழும் உரிமையை ஊர்க்காரர்கள் விடவில்லை.

இஸ்ரேலின் பிரிப்புச் சுவர் இந்தத் தட்டுகளை வெட்டிக்கொண்டு போகத் திட்டமிடப்பட்டது. 2014 ஜூனில் தோஹா கூட்டத்தில் பத்தீர் பட்டியலில் ஏறியது, மறுபடி அவசரநிலை வழியில், மறுபடி இக்கோமோஸ் பரிந்துரைக்கு மாறாக. 2015 ஜனவரியில் நீதிமன்றத்தில் சுவர்த் திட்டம் நின்றது. வழக்கில் இஸ்ரேலின் இயற்கைப் பூங்கா ஆணையமே சுவரை எதிர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் மட்டும் தனியாகச் சாதித்தது என்று எழுதுவது மிகை. 2024 ஆகஸ்டில் அதே பாரம்பரியப் பகுதிக்குள் புதிய குடியேற்றம் ஒன்றுக்கு இஸ்ரேல் ஒப்புதல் தந்தது. பட்டியலில் இருப்பதால் புல்டோசர் நின்றுவிடாது. அதை ஓட்டுபவர் உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை வரும், அவ்வளவுதான்.

2017 ஜூலையில் ஹெப்ரோன் பழைய நகரம் 12க்கு 3 என்று ஏறியது. மூன்று இடங்களும் சன்பார் காலத்தில் வந்தவை. மூன்றும் அவசரநிலை வழி. இதைப் பலர் குறையாகச் சொன்னார்கள்: நிபுணர் கருத்தை மீறி அரசியல் வாக்கு நடக்கிறது என்று. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அவசரநிலைக் கோப்பு மெலிந்தது, ஒப்பீடும் நிர்வாகத் திட்டமும் பிறகுதான் நிரம்பும். ஆனால் வழக்கமான பாதையில் வரிசையில் நின்றிருந்தால் பத்தீரில் சுவர் முதலில் வந்திருக்கும், நிபுணர் குழு பிறகு வந்திருக்கும்.

கட்டடமில்லாத அருங்காட்சியகம்

தூதர் பதவியில் இருந்தபடியே சன்பார் இன்னொன்றையும் தொடங்கினார். ஓவியர் எர்னஸ்ட் பிக்னோன்-எர்னஸ்டோடு சேர்ந்து, பாலஸ்தீனத்தின் எதிர்காலத் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு உலகக் கலைஞர்களிடம் படைப்புகளைக் கொடையாகக் கேட்டார். பிக்னோன்-எர்னஸ்டுக்கு இதில் முன்னனுபவம் உண்டு: நிறவெறிக்கு எதிராகக் கலைஞர்கள் திரட்டிய தொகுப்பு 1990களில் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கும் அதே ஏற்பாடு. நூற்றுக்கணக்கான படைப்புகள் பாரிஸ் அரபு உலக நிறுவனத்தின் கிடங்கில் இருக்கின்றன. அவ்வப்போது கண்காட்சி வைக்கிறார்கள்.

சன்பார் 2021இல் விலகினார். 2023 செப்டம்பரில் ரியாத்தில் ஜெரிக்கோவின் தெல் எஸ்-சுல்தான் மேடு பட்டியலில் ஏறியது, முதல்முறையாக வழக்கமான முழுப் பாதையில். 2024 ஜூலையில் குழு புதுதில்லியில் கூடியபோது காஸாவின் புனித ஹிலாரியோன் மடாலயம் போர் நடந்துகொண்டிருக்கையில் அவசரநிலை வழியில் சேர்ந்தது. இம்முறை ஆபத்தைப் பற்றிப் பெரிய விவாதம் தேவைப்படவில்லை. பாலஸ்தீன நாடு என்ற தலைப்பின்கீழ் இப்போது ஐந்து வரிகள். ஜெருசலேம் அந்த ஐந்தில் இல்லை. பட்டியலில் நாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் அதற்கு இன்றும் இப்படித்தான் இருக்கிறது: ஜெருசலேம், யோர்தான் முன்மொழிந்த இடம்.